நின்று கேட்கும் பொறுமை: மாத்தளைத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாத்தளை நகரத்து ஆலயங்களிலும், உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ பக்கத்துத் தோட்டங்களின் சிற்றாலயங்களிலும் தமிழில் வேதம் போதிக்கிற குருமார், உபதேசியார்கள், மறையாசிரியர்கள், ஞாயிறு பாடசாலை ஆசிரியைகள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். அங்கிலிக்கன், மெதடிஸ்த, கத்தோலிக்க என்று சபைகள் வெவ்வேறாக இருந்தாலும், நம்முடைய பிரசங்க மேடைகளில் ஒரு சொல் மட்டும் ஒரே விதமாக ஒலித்து வருகிறது. அது பொறுமை. சம்பளம் போதாத வீட்டில் ஜெபிக்கப் போனாலும், கூரை ஒழுகும் லயத்துக்குப் போனாலும், கணவனிடம் அடி வாங்கிய பெண் அழுதுகொண்டு வந்து நின்றாலும், கைக்கு முதலில் வருவது இந்தச் சொல்லை ஒட்டிய ஒரு வசனந்தான். பொறுத்திருங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்கிறோம். சொல்கிறவர்களின் மனதில் இருப்பது கருணை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆலோசனைக்கு ஆதாரமாக எடுக்கப்படும் வசனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே ஹுப்பொமொனே என்ற கிரேக்கச் சொல் கிடக்கிறது. அந்தச் சொல் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதைக் குறிப்பதல்ல. நெருக்கம் வந்து மோதும்போது நம்பிக்கையோடு தன் இடத்தை விடாமல் நிற்பதைக் குறிப்பது. இந்த வேறுபாடு பண்டிதர்களின் நுணுக்கம் அல்ல. மலையகத்து ஜனங்களிடம் சுவிசேஷம் என்ன சொல்கிறது என்பதே இதில் தங்கியிருக்கிறது.

முதலில் சொல்லின் வழக்கைப் பார்ப்போம். 'கீழே' என்று பொருள்படும் ஒரு முன்னொட்டும் 'தங்கு, நிலைத்திரு' என்ற வினையும் சேர்ந்து இந்தச் சொல் அமைந்தது என்று பிரசங்கப் புத்தகங்கள் பிரித்துக் காட்டும். அதை மட்டும் நம்பி வாதாட நான் விரும்பவில்லை. ஒரு சொல்லின் பொருளை அதன் உறுப்புகளிலிருந்து பிழிந்தெடுப்பது தவறான வழி என்று ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர் 1961இல் விரிவாக எழுதினார், அது நியாயமான எச்சரிக்கை. ஆகவே வழக்கைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். கிரேக்க வரலாற்றாசிரியர்கள் இந்த வினையைப் பகைவரின் தாக்குதலுக்கு முன் அணி கலையாமல் நின்ற படைவீரர்களுக்குப் பயன்படுத்தினார்கள். ஓடிப்போனவனுக்கு எதிர்ச்சொல்லாகவே அது வரும். புதிய ஏற்பாட்டில் பெயர்ச்சொல்லாக 32 இடங்களிலும் வினையாக 17 இடங்களிலும் இது வருகிறது. வினை தன் நேரடிப் பொருளில் வருகிற இடங்கள் இரண்டுதான், இரண்டும் கவனிக்கத்தக்கவை. பன்னிரண்டு வயதில் இயேசு, பெற்றோர் ஊருக்குத் திரும்பிய பின்னும் எருசலேமில் தங்கிவிட்டார் என்று லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் எழுதும்போது இந்த வினைதான் அங்கே நிற்கிறது. தங்கியவர் சும்மா இருக்கவில்லை, போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பெரோயாவில் கலகம் எழுந்து பவுலைச் சகோதரர் வெளியே அனுப்பியபோது, சீலாவும் தீமோத்தேயுவும் அந்த ஊரிலேயே தங்கினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17 சொல்லும் இடத்திலும் இதே வினை. மற்றவர்கள் போன பிறகும் வேலை இருக்கிற இடத்தில் நிற்பது என்பதே இரண்டிலும் வரும் பொருள்.

கிறிஸ்துவுக்கு முந்திய யூதர்கள் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் ஆக்கியபோது இந்தச் சொல்லுக்கு இன்னொரு ஆழம் வந்து சேர்ந்தது. கர்த்தரை எதிர்நோக்குதல், அவர்மேல் நம்பிக்கை வைத்தல் என்று பொருள்படும் எபிரேயச் சொற்களுக்கு ஈடாக அவர்கள் இதைப் பல இடங்களில் வைத்தார்கள். எரேமியா 14இல், பஞ்சத்தின் நடுவே, இஸ்ரவேலின் நம்பிக்கையே என்று தேவனை விளிக்கும் இடத்திலும் கிரேக்கத்தில் இருப்பது ஹுப்பொமொனேதான். தேவனையே ஒரு ஜனத்தின் 'பொறுமை' என்று அழைப்பது தமிழில் ஒட்டாது. நம்பி ஊன்றி நிற்கும் இடம் என்று கொண்டால் பொருள் தெளிகிறது. பிற்கால யூத நூலான நான்காம் மக்கபேயரில், கொடுங்கோலனின் சித்திரவதைக்கு இணங்காமல் மரித்த ஒரு தாயும் அவளுடைய ஏழு மக்களும் தங்கள் ஹுப்பொமொனேயால் அவனை வென்றார்கள் என்று சொல்லப்படுகிறது. கவனியுங்கள், அவர்கள் அவனைச் சகித்தார்கள் என்று நூல் நிறுத்திக்கொள்ளவில்லை. வென்றார்கள் என்கிறது. பவுலும் யாக்கோபும் யோவானும் இந்தச் சொல்லை எடுத்தபோது, போர்க்களமும் சங்கீதங்களும் இரத்தசாட்சிகளும் அதற்குள் ஏற்கெனவே இருந்தன.

நம்முடைய தமிழ் வேதாகமம் இதை எப்படி ஆக்கியது? ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில், உபத்திரவத்திலிருந்து பிறப்பது எது என்று பவுல் படிப்படியாகச் சொல்லும் இடத்தில், புரட்டஸ்தாந்து சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு 'பொறுமை' என்கிறது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து ஆக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடத்தில் 'மனவுறுதி' என்கிறது. ஒரே ஊரில் இரண்டு ஆலயங்களில் ஒரே ஞாயிறு இரண்டு சொற்கள் வாசிக்கப்படலாம், கேட்டு வெளியே வருகிறவர்கள் இரண்டு வெவ்வேறு அறிவுரைகளோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் விஷயம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முடிவுவரை இப்படி இருப்பவனே இரட்சிக்கப்படுவான் என்று மத்தேயு 10இலும் 24இலும் இயேசு சொல்லும் இடத்தில், இதே வினையை அவர்கள் 'நிலைநிற்பவன்' என்று ஆக்கினார்கள். அங்கே பொறுமை என்று போட்டிருந்தால் வாக்கியம் தளர்ந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பொறுமை என்ற சொல்லையும் குற்றம் சொல்ல மாட்டேன். பொறுத்தல் என்றால் பாரத்தைத் தாங்குதல், தாங்குகிறவள் கால் ஊன்றித்தானே நிற்க வேண்டும். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமும், இடுக்கண் அழியாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது பிறர் செய்த பிழையைப் பொறுப்பது, பின்னது துன்பத்தின்முன் உடையாமல் நிற்பது. தமிழ் மரபு இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. நாம்தான் மேடையில் குழப்பிவிட்டோம். ஐரோப்பாவிலும் இது நேர்ந்தது. லத்தீன் வேதாகமம் ஹுப்பொமொனேக்குப் பெரும்பாலும் வைத்த சொல் 'பத்தியென்சியா', அதன் வேர் வேதனைப்படுதல். அந்தச் சொல்லின் வழித்தோன்றல்களைக் கொண்டு நம்மிடம் வந்த மிஷனரிமாருக்கு, துன்பத்தைப் படுவதும் துன்பத்தில் நிற்பதும் ஒன்றுபோல் தெரிந்ததில் வியப்பில்லை.

புதிய ஏற்பாட்டில் பொறுமைக்கு இன்னொரு சொல்லும் உண்டு, மக்ரோதுமியா. சீக்கிரம் கோபப்படாமை என்பது அதன் சாரம், அது மனிதர்கள்மேல் காட்டுவது. கலாத்தியரில் ஆவியின் கனியாக வருவதும், கொரிந்தியரில் அன்பின் முதல் குணமாக வருவதும் இதுதான். பழைய தமிழ் வேதாகமம் இதை 'நீடிய பொறுமை' என்றோ 'நீடிய சாந்தம்' என்றோ ஆக்கியது. கொலோசெயர் முதல் அதிகாரத்தில் பவுல் இரண்டு சொற்களையும் அருகருகே வைப்பதால், அவர் மனதில் அவை ஒன்றல்ல என்பது தெளிவு. அயலவரின் சிறுமையை, மருமகளின் அவசரப் பேச்சை, சபையில் ஒத்துப்போகாதவரை நாம் பொறுப்பது மக்ரோதுமியா. ஒழுகும் கூரைக்கும் குறைந்த சம்பளத்துக்கும் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தால், அநியாயமான ஓர் அமைப்பைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொள் என்று போதித்ததாகிவிடும். அப்படிச் செய்ய வேதத்தில் எந்த அனுமதியும் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கலப்பு எங்கே மிக அதிகமாக நடக்கிறது என்றால், யாக்கோபின் ஐந்தாம் அதிகாரத்தில். அந்த அதிகாரத்தை நாம் பெரும்பாலும் ஏழாம் வசனத்திலிருந்து எடுக்கிறோம். மழைக்குக் காத்திருக்கும் பயிர்த்தொழிலாளி, அவரைப் போல நீடிய பொறுமையாய் இருக்கச் சொல்லும் அழைப்பு, பின்பு யோபு. ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவது ஐசுவரியவான்களைப் பார்த்து அலறி அழுங்கள் என்ற கட்டளையோடு. நான்காம் வசனத்தில், வயல்களை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் காதுகளுக்கு எட்டிவிட்டது என்றும் யாக்கோபு எழுதுகிறார். கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்து முழுப் பேர் அரைப் பேராகி, முழுநாட் கூலி பாதியாகிற வேதனையை அறிந்த சபைக்கு இதைவிட நெருக்கமான ஒரு வசனம் வேதாகமத்தில் இருக்க முடியாது. ஆனாலும் அதைத் தாண்டித்தான் ஏழாம் வசனத்துக்குப் போகிறோம். யாக்கோபு பொறுமையைப் பேசுவது அநியாயத்தை ஊரறியச் சொன்ன பிறகு. முதல் ஆறு வசனங்களை விட்டுவிட்டுப் பொறுமையை மட்டும் எடுத்தால் அது யாக்கோபின் போதனை அல்ல.

அந்தப் பகுதிக்குள் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. பயிர்த்தொழிலாளிக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் யாக்கோபு வைத்த சொல் மக்ரோதுமியா. பதினொன்றாம் வசனத்தில் யோபுக்கு வரும்போது சொல்லை மாற்றி ஹுப்பொமொனே என்கிறார். தமிழில் 'நீடிய' என்ற அடைமொழி மட்டும் உதிர்ந்துபோவதால் கேட்கிறவருக்கு மாற்றமே தெரியாது. ஏன் மாற்றினார்? யோபின் புத்தகத்தை முழுவதும் வாசித்தவர்களுக்கு விடை தெரியும். முதல் இரண்டு அதிகாரங்களில் யோபு பணிந்திருக்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் தன் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதிலிருந்து முப்பத்தோராம் அதிகாரம் வரை வாதாடுகிறார், முறையிடுகிறார், தன் வழக்கை விசாரிக்கும்படி தேவனையே அழைக்கிறார். அவரைக் கோபப்படாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் இடத்தை விட்டு விலகவில்லை. தேவனை மறுக்கவும் இல்லை, தன் நேர்மையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. எலிப்பாஸ் முதலான மூன்று நண்பர்களோ, உன் பாவத்தை ஒத்துக்கொண்டு அடங்கிப்போ என்று பக்தியான வார்த்தைகளில் அவருக்குப் போதித்தார்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் கோபங்கொள்வது அந்த நண்பர்கள்மேல். என்னைக்குறித்துச் சரியாய்ப் பேசியவன் யோபுதான், நீங்கள் அல்ல என்கிறார். துன்பப்படுகிறவரின் வீட்டுக்குப் போய் உட்காரும் ஒவ்வொரு போதகரும் தான் யோபின் பக்கத்தில் உட்காருகிறோமா, எலிப்பாசின் பக்கத்திலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். யோபின் பொறுமை என்ற தொடர் நம் வீடுகளில் பழமொழிபோல் ஆகிவிட்டது. அந்தப் பொறுமையில் இருபத்தொன்பது அதிகாரங்களின் விவாதம் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்காதது பெரிய குறை.

மாத்தளையில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மலையகத் தமிழரின் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையில் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக வந்து சேர்ந்த வாசல் இந்த ஊர். கொலேராவிலும் பசியிலும் அந்தப் பாதையில் விழுந்தவர்கள் ஏராளம். கோப்பித் தோட்டங்களில் இருந்த அவர்களிடம் சுவிசேஷத்தைக் கொண்டுசெல்ல 1854இல் சர்ச் மிஷனரி சங்கம் தமிழ் கூலி மிஷனைத் தொடங்கியபோது, அதற்குப் பணம் கொடுத்தவர்களில் தோட்டத்துரைமாரும் இருந்தார்கள். உபதேசியார்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள், துரையின் அனுமதியோடுதான் லயத்துக்குள் கால் வைக்க முடிந்தது. அவர்களுடைய அர்ப்பணத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. வேறு யாரும் எழுத்தறிவிக்க வராத காலத்தில் அவர்கள் வந்து எழுத்தறிவித்தார்கள். ஆனால் ஊழியத்துக்கு இடம் கொடுக்கிறவரே கூலி கொடுக்கிறவராகவும் இருந்தால், யாக்கோபு ஐந்தின் நான்காம் வசனத்தைச் சத்தமாக வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் பொறுமை என்பது அடங்கிப்போவதாக ஒலிப்பது தானாகவே நடந்துவிடும். அன்றிருந்த கட்டாயம் இன்று இல்லை. ஒலி மட்டும் மாறவில்லை.

அதன்பின் இந்த ஜனங்களுக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது, அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிக்கையாகப் பிரித்தது. 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தபோது முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகுதான் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல். கண்டியில் 1972இல் சத்தியோதய நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் போன்ற சிலர், தமிழர் அல்லாதவர்களாக இருந்தும், தோட்டத்து மக்களின் பக்கம் நின்று வாழ்நாள் முழுவதும் பேசினார்கள். அவருடைய வாழ்க்கையைப் பொறுமை என்று அழைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். மௌனம் என்று அழைத்தால் சிரிப்பார்கள்.

பிரஜாவுரிமை என்றதும் பிலிப்பி பட்டணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பவுலும் சீலாவும் விசாரணையின்றிப் பகிரங்கமாக அடிக்கப்பட்டுக் காவலில் போடப்பட்டார்கள். மறுநாள் காலை அதிகாரிகள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் எழுந்து போகவில்லை. நாங்கள் ரோமப் பிரஜைகள், அடித்தது ஊர் பார்க்க, அனுப்புவது மட்டும் இரகசியமாகவா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்ற பொருளில் பேசினார். அதிகாரிகள் வந்து கெஞ்சினார்கள் என்று நடபடிகள் 16 சொல்கிறது. இதே பவுல்தான் பிறகு இராயனிடம் அபயமிடுகிறார். இதே பவுல்தான் இரண்டாம் கொரிந்தியர் ஆறில், தன் ஊழியத்துக்கு அத்தாட்சியாக மிகுந்த ஹுப்பொமொனேயை முதலில் வைத்து, அதன்பின் அடிகளையும் காவல்களையும் வரிசைப்படுத்துகிறார். சிறைக்குள் நள்ளிரவில் பாடியதும், விடிந்தபின் சட்டத்தைச் சுட்டிக்காட்டி அசையாமல் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள். நம் பிள்ளைகளுக்கு நள்ளிரவுப் பாட்டை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம்.

நம் கண்முன்னே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்த 200 ஆண்டு நினைவாக, நடைபயணிகள் 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் நடந்து, ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் தங்கள் பயணத்தை முடித்தார்கள். மூதாதையர் நடந்த அதே திசை. காணியும் வீடும், வாழத்தக்க சம்பளமும், இந்நாட்டின் சம பிரஜைகள் என்ற மதிப்பும் அவர்கள் கேட்டவை. அதே மாதத்தில் எல்கடுவ பக்கத்து இரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிசை உடைக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. கோரிக்கை எவ்வளவு நியாயமானது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 2015இல் எழுந்த நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. ஆறு ஆண்டு காலம் விடாமல் கேட்டவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று சிலர் சொன்னார்கள். எபிரெயர் 12இல் ஓட்டத்தை ஓடுவதற்கு வேண்டியது என்று சொல்லப்படுகிற குணம் ஹுப்பொமொனே. உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவையே இல்லை, ஓடுகிறவருக்கும் நடக்கிறவருக்குந்தான் தேவை.

இனி மறுப்புகள். மிகவும் கனமானது முதலாம் பேதுரு இரண்டாம் அதிகாரம். வீட்டு அடிமைகள் முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்றும், நன்மை செய்து பாடுபட்டுப் பொறுத்தால் அது தேவனுக்கு முன் பிரீதி என்றும் பேதுரு எழுதுகிறார், அங்கேயும் நாம் பேசும் இதே வினைதான். இந்த வசனத்தை ஒதுக்கிவிட்டு என் வாதத்தை நடத்த முடியாது. ஆனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அந்தப் பாடுகளை அநியாயம் என்று பேதுரு அதே பகுதியில் பெயர் சொல்கிறார், அவற்றைத் தேவ சித்தம் என்று மெழுகவில்லை. அவர் பேசுவது வழக்காடவோ விலகவோ சட்டத்தில் ஏறக்குறைய எந்த வழியும் இல்லாத அடிமைகளிடம். உரிமையும் தொழிற்சங்கமும் வாக்கும் உள்ள ஒரு பிரஜையிடம் அந்த வசனத்தை அப்படியே எடுத்துக் கொடுப்பது, 1988க்கும் 2003க்கும் பின்பும் அவரை அடிமையாக எண்ணுவது. கடைசியாக, அவர் முன்மாதிரியாகக் காட்டும் கிறிஸ்து தம்மை நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவரிடம் ஒப்புவித்தார். வழக்கை மேல்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவரின் செயல் அது. அந்தக் கிறிஸ்துவே பிரதான ஆசாரியன் முன் சேவகன் அறைந்தபோது, நான் தகாததைப் பேசியிருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் கேட்டார்.

ரோமர் எட்டைக் காட்டி, காணாததை நம்பிப் பொறுமையோடு காத்திருக்கத்தானே பவுல் சொல்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், காத்திருக்கிறோம். ஆனால் அதற்குச் சற்று முன்னே அவர் சிருஷ்டி முழுவதையும் பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணாகக் காட்டி, நாமும் உள்ளே தவிக்கிறோம் என்கிறார். அந்தக் காத்திருப்பில் முனகலும் உண்டு, முயற்சியும் உண்டு. முதலாம் தெசலோனிக்கேயரின் தொடக்கத்தில் விசுவாசத்துக்குக் கிரியையையும், அன்புக்குப் பிரயாசத்தையும், நம்பிக்கைக்கு ஹுப்பொமொனேயையும் அவர் ஜோடியாக வைப்பதும் இதனால்தான். நம்பிக்கை இல்லாத இடத்தில் இருப்பது வெறும் மரத்துப்போதல். லயத்தில் மூன்றாம் தலைமுறையாக ஒரே அறையில் இருப்பவர் ஒன்றும் கேட்காமல் இருந்தால், அதைப் பொறுமை என்று மெச்சுவதற்கு முன்பு அவரிடம் நம்பிக்கை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிலைநிற்றல் என்று சொன்னால், விட்டுப்போனவர்களைக் குற்றப்படுத்துவதாகாதா என்பது வேறொரு கேள்வி. கப்பலேறி இந்தியா போனவர்களும், கலவரத்தில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களும் நம் சொந்தங்கள்தான். மத்தேயு பத்தாம் அதிகாரம் இதற்கு அழகாகப் பதில் சொல்கிறது. முடிவுவரை நிலைநிற்பதைப் பேசிய 22ஆம் வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசு கட்டளையிடுகிறார். ஆகவே நிலைநிற்பது ஒரு வீட்டிலோ ஊரிலோ அல்ல, சத்தியத்தில். இதை வன்முறைக்குள் வாழும் நம் பெண்கள் கேட்க வேண்டும். அடிக்கிற கணவனிடமே திரும்பிப் போய்ப் பொறுத்துக்கொள் என்று ஒரு பெண்ணை அனுப்பிவைக்கும் போதகர், இந்தச் சொல்லின்மேல் அது சுமக்காத ஒரு பொருளைச் சுமத்துகிறார், அந்தப் பெண்ணின்மேலும் உயிராபத்தைச் சுமத்துகிறார். வீட்டு வன்முறைத் தடுப்புக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க முடியும். அவள் பிள்ளைகளோடு வெளியேறித் தன் உயிரையும் விசுவாசத்தையும் காத்துக்கொண்டால், 23ஆம் வசனத்துக்குக் கீழ்ப்படிந்தவள் அவள்.

இது பிரசங்க மேடையில் தொழிற்சங்கம் நடத்துவது என்று சிலர் வருந்துவீர்கள். எந்தக் கட்சிக்கும் சங்கத்துக்கும் மேடையைக் கொடுக்க நான் கேட்கவில்லை. ஹுப்பொமொனே வாளை எடுக்கச் சொல்லும் சொல்லும் அல்ல. வெளிப்படுத்தலில் அது வரும் ஏழு இடங்களில் 13ஆம் அதிகாரம் மிகக் கடுமையானது. அங்கே பரிசுத்தவான்கள் மிருகத்தை வணங்க மறுக்கிறார்கள், விலையையும் செலுத்துகிறார்கள், பட்டயத்தை எடுக்கவில்லை. மறுப்பதும் அடிக்காமல் இருப்பதும் சேர்ந்துதான் அந்தச் சொல். அதில் ஒரு பாதியைப் பிடித்தவர்கள் வன்முறைக்குப் போனார்கள், மறு பாதியைப் பிடித்தவர்கள் மௌனத்துக்குப் போனார்கள். பாலி வேதம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம் நாம். ஒரு சொல்லைப் பிசகாமல் காப்பதற்கு மனிதர் எவ்வளவு பாடுபடலாம் என்று அறிந்த ஊர் இது. நம் வேதத்துச் சொல்லொன்றை முழுதாகக் காப்பது நமக்கும் கூடாதது அல்ல.

வேதாகமத்தின் அச்சடித்த சொல்லை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. ரோமர் ஐந்தைப் போதிக்கும்போது பழைய மொழிபெயர்ப்போடு திருவிவிலியத்தையும் திறந்து, பொறுமையையும் மனவுறுதியையும் அருகருகே வாசித்துக் காட்டுங்கள். ஞாயிறு பாடசாலையில் யோபின் முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் மட்டும் சொல்லி முடிக்காமல், நடுவில் அவர் என்ன கேட்டார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அடியைப் பற்றியோ ஒருவர் வந்து சொன்னால், பொறுமை என்ற சொல்லை எடுக்கும் முன்பு, யாரிடம் முறையிட்டீர்கள், கூட வர ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். தொழில் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ பிரதேச செயலகத்துக்கோ அவர்களோடு போய் வரிசையில் நில்லுங்கள், ஒரு போதகர் பக்கத்தில் நின்றால் அந்த மேசைகளில் கிடைக்கும் பதில் பல நேரம் வேறாக இருக்கும். யாக்கோபின் ஐந்தாம் அதிகாரம் வரும் ஞாயிறன்று, தயவுசெய்து முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
மாத்தளையிலிருந்து உங்கள் சபையார் ஒருவர்